கழிக்காத எடை

இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஊருக்கு மேலே, மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து நிறுக்கிற தொங்குதராசு ஒன்று இருக்கிறது. இப்போது அதில் ஆட்களைத் தொங்கவிட்டு நிறுக்கிறோம். அதை உத்தரத்தில் மாட்டியவர் என் அக்காவின் கணவர். நான் அத்தான் என்று கூப்பிட்டவர்.

அக்கா கொழுந்து பறித்தாள். அதே மலையில் அத்தான் கொழுந்து நிறுத்தார். சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் கொஞ்சம் கழித்துச் சொல்வது தோட்டத்து வழக்கம். சொந்தப் பெண்டாட்டியின் கொழுந்திலும் அவர் அப்படியே கழிப்பார். அன்றைக்கு அவர்களின் லயத்து வீட்டில் அடுப்பு எரியும், பேச்சு இருக்காது.

பிறகு அக்கா ஒரு சுற்றுலா விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனாள். அங்கே, துணி இறக்கைக்குக் கீழே ஆள் தொங்கிப் பறக்கிற ஹேங் கிளைடரில் பறக்கப் பழகிவிட்டாள். ஊர் வாயைப் பிளந்தது. "அவளுக்குப் புடிச்சிருக்கு, விடுங்க" என்றார் அத்தான். விடுதிக்காரர் இந்த மாடியைக் கிளைடர் செய்யும் பட்டறையாக்கியபோது, முன்பு கொழுந்து வாடிய நீளத் தரையில் நான் இறக்கைத் துணி வெட்டித் தைத்தேன். அத்தான் இறக்கைச் சட்டத்தின் குழாய்களைப் பொருத்தினார்.

பழகுகிறவர்களின் கிளைடர் அகலமானது, மெதுவானது, தப்பைப் பொறுத்துக்கொள்ளும். அடுத்த படிக்கான கிளைடரில் துணி இன்னும் இறுக்கம். இறக்கையின் அடிப்பக்கத்திலும் பாதிவரை துணி வரும். அதனால் எதிர்க்காற்றிலும் முன்னேறும், எதிர்மலை வரை போய்வரலாம். அந்த எதிர்மலைக்குத்தான் அக்கா ஆசைப்பட்டாள். இதில் அளவு என்பது ஆளின் உயரமல்ல, கொக்கியில் தொங்கும் மொத்த எடை. ஆள், உடலைத் தாங்கும் பட்டி, தலைக்கவசம், ஆபத்துக்கான பாராசூட் எல்லாம் சேர வேண்டும். இறக்கை பெரிதாகிவிட்டால் உடம்பைச் சாய்த்தாலும் பேச்சுக் கேட்காது. சிறிதாகிவிட்டால் வேகமாக ஓடித்தான் எழும்ப வேண்டும், வேகமாகத்தான் இறங்க வேண்டும். எங்கள் பக்கம் இறங்க இருப்பதோ தேயிலைக்கு நடுவே ஒரு சின்ன மைதானம்.

அக்கா எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தராசில் தொங்கினாள். அத்தான் முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னார். இருந்த துணி ஒரு இறக்கைக்குத்தான் காணும். அவர் சொன்ன எடைக்குச் சின்ன அளவு போதும் என்று வெட்டினேன்.

சோதனைக்குச் சரிவில் அக்கா ஓடினாள், ஓடினாள், புது இறக்கை எழும்பவே இல்லை. கடைசியில் எழும்பி, மைதானத்தில் நிற்க முடியாமல் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். மாடிக்கு வந்து திரும்பத் தொங்கினாள். இந்த முறை முள்ளை நான் பார்த்தேன். அத்தான் சொன்ன எடையைவிட எவ்வளவோ கூட இருந்தது.

"பட்டி, பாராசூட்டெல்லாம் கழிச்சுத்தானே சொன்னேன்" என்றார் அத்தான். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. சாமானைக் கழிக்காமல் எடை சொல்ல அவருக்கு வாய் வராது.

அக்கா தொங்கிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குக் கொழுந்துல கழிச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு என்னையே கழிச்சிட்டீங்களே."

அத்தான் கொக்கியிலிருந்து அவளை இறக்கிவிட்டு மருந்து தேடப் போனார். எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த துணி வர ஒரு வருடம் ஆனது. அதுவரை அக்கா பழைய கிளைடரிலேயே கிடந்தாள். திரும்ப அளவெடுத்த அன்று அத்தான் முள்ளருகே கண்ணை வைத்து, மலைக்கே கேட்கிற மாதிரி எடையைக் கத்தினார். "கழிக்கலங்க" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். அந்த இறக்கையில்தான் அக்கா எதிர்மலைக்குப் போய்வந்தாள்.

அத்தான் இப்போது இல்லை. அந்த இறக்கையின் துணி நைந்துவிட்டதால் போன மாதம் அக்கா புது இறக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். முள் நின்றதும் எடையை மெதுவாகச் சொன்னேன்.

"சத்தமா சொல்லு" என்றாள், கொக்கியில் தொங்கியபடி. "அவரு சொன்ன மாதிரி சொல்லு."