வண்டி எப்படி ஓடுதாம்?

மீட்டர்காரர் தன் ஆயுளில் எந்த மெக்கானிக்குக்கும் சல்லிக்காசு கொடுத்ததில்லை. கஞ்சன் என்று தெருவில் சொல்வார்கள்; அது அபாண்டம். அடுத்தவன் கை பட்ட நட்டு மறுநாளே கழன்று விழும் என்பது அவருடைய கட்சி, அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு வீடு. வண்டி படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் கொல்லைப்புறத்தில் சாக்கை விரித்து, தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு கோளாறும் இல்லாத வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் பல் துலக்கும் பிரஷ் காணாமல் போனால் அவர் மனைவி தேடுவதில்லை. நேராக அந்தத் தட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, கடைக்குப் போய் வேறு வாங்கி வருவாள்.

ஒரே மகள். ஐந்து வயதிலேயே அவருக்கு டார்ச் பிடிக்க ஆரம்பித்தவள். வண்டி வேலை பார்க்கும் மனிதனுக்கு டார்ச் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கே பிடித்தாலும் அது தப்பான இடம். ஆனால் அவர் தலை எந்தப் பக்கம் சாயும் என்பது இவளுக்கு முன்கூட்டியே தெரியும், வெளிச்சம் அங்கே போய்க் காத்திருக்கும். பத்து வயதில் அவர் கையை நீட்டினால் போதும், எத்தனையாம் நம்பர் ஸ்பேனர் என்று கேட்காமலே எடுத்து வைத்தாள். பதினேழு வயதில் இருவருமாகப் பழைய இரும்புக் கடையிலிருந்து டேங்கும் சீட்டும் இல்லாத ஒரு வண்டி எலும்புக்கூட்டை வாங்கி வந்து, ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாட்டினார்கள். இரண்டு வருஷம் ஆனது. அது முதன்முதலாகக் கிளம்பிய அன்று அப்பனும் மகளும் தெருவைப் பதினொரு சுற்று சுற்றினார்கள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, குழந்தை தூங்க வேண்டாமா என்று சண்டை பிடித்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

இப்படி ஒட்டிக்கொண்டு திரிந்த இரண்டு பேர்தான் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

மகள் கட்டிக்கொண்டது பைக் ஷோரூமில் விற்பனைக்கு நிற்கும் ஒருவனை. "ஷோரூம்காரனா? ஹாரன் எங்க இருக்குன்னு அச்சடிச்ச தாளப் பாத்துச் சொல்றவன்தானே?" என்று மீட்டர்காரர் குதித்தார். ஷோரூம் வெறும் சாக்கு. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னாள் பாருங்கள், அதுதான் அவரைச் சுட்டது. மகளாவது அழுது கெஞ்சியிருக்கலாம். அவளும் அப்படிப்பட்டவள் இல்லை.

"அந்த வண்டி பாதி என்னுதுப்பா. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"பாதி என்ன, முழுசா எடுத்துட்டுப் போ. ஆனா இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சரி" என்றாள். அவருக்குப் பிறந்தவள் அல்லவா, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகளிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. அம்மாவுக்கு ஈரக் கை, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். மழையில் நனைந்ததிலிருந்து வண்டி கிளம்பவே மாட்டேன் என்கிறதாம். கொல்லைப்புறத்தில் இருந்த மீட்டர்காரருக்கு முதலில் காது நீண்டது, பிறகு கழுத்து, பிறகு ஆளே வாசற்படிக்கு வந்துவிட்டார்.

"பிளக் கேப்புக்குள்ள தண்ணி போயிருக்கும். கழட்டித் துணியால துடைச்சு மாட்டச் சொல்லு" என்றார் மனைவியிடம். மனைவி அவரையே பார்த்ததும், "என்ன பாக்கற? வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துக்கே திரும்பிவிட்டார்.

அன்று தொடங்கியது. மாதத்தின் முதல் ஞாயிறு, பத்து மணி. போன் பிரிட்ஜ் மேல் இருக்கும். மகள் அம்மாவிடம் சொல்வாள். அம்மா திரும்பி அவரிடம் சொல்வாள். அவர் அம்மாவிடம் சொல்வார். அம்மா போனிடம் சொல்வாள். எல்லாருக்கும் எல்லாம் கேட்கிறது, ஆனாலும் அம்மா வாயில் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். கார்புரேட்டர் என்ற சொல்லை அந்த அம்மாள் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. அவள் திணறும்போது அந்தப் பக்கம் மகள் சிரிப்பாள். இந்தப் பக்கம் அவர் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பார்.

புருஷன் வேலை பார்க்கும் இடத்தில் பத்து மெக்கானிக் இருக்க, இவள் ஏன் தன்னைக் கேட்கிறாள் என்று அவர் யோசித்தாரா? யோசித்தார். அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது என்று முடிவுகட்டினார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவர் வண்டியில் இந்த வாரம் செயின் தளர்ந்தால், அடுத்த போனில் மகள் வண்டியிலும் செயின் தளர்ந்திருக்கும். இங்கே பிரேக் கீச்சிட்டால் அங்கேயும் கீச்சிடும். "ரெண்டும் ஒரே கை பாத்த வண்டி. அதான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

போனை வைத்ததும் மனைவி ஒவ்வொரு முறையும் சொல்வாள்: "எப்படிம்மா இருக்கன்னு ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

கேட்க வேண்டும் என்று அவருக்கும் தொண்டை வரை வரும். மாதம் முழுக்க அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அந்த மனிதர் உயிரோடு இருந்தார். ஆனால் முதலில் கேட்பவர் இறங்கி வந்ததாக ஆகிவிடும். அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

கடைசியாக வந்த போன் கிளச் கேபிள் அறுந்துபோனது பற்றி. புதுக் கேபிளைப் பழசின் முனையில் கட்டி இழுத்தால் அதே வழியில் போய்ச் சேரும் என்றார். மேல் முனையில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடச் சொன்னார். லீவரில் ரெண்டு காசு கனத்துக்கு ஆட்டம் விடச் சொன்னார். மகள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார். மறுபடியும் கேட்டாள். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

"இதக்கூடவா மறந்துட்டா? போதும், போன் சுடுது. வைக்கச் சொல்லு" என்றார்.

"சரிம்மா, வெச்சிடறேன்" என்றாள் மகள். ஆனால் உடனே வைக்கவில்லை. இவர் அதற்குள் செயினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பத்து மணிக்குப் போன் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. கையில் ஒரு கார்புரேட்டரை வைத்துத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி எப்படி ஓடுதாம்?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "தெரியலைங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். கேபிளை மாற்றினாளா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் எதற்கோ காத்திருப்பவள் மாதிரி அவரைப் பார்த்துவிட்டு, தெரியலை என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மாதம் இப்படிப் போனது. மூன்றாவது மாதம் பிறந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. தானே ஒரு கிளச் கேபிள் வாங்கினார், ஸ்பேனர்களைத் துணிப்பையில் போட்டார், ஞாயிறு விடிந்ததும் வண்டியை வெளியே தள்ளினார்.

"அவ வீட்டு விலாசம் என்ன?"

மனைவி சொன்னாள். பிறகு, "போறதுக்கு முன்னாடி வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

"கேபிள், ஸ்பேனர், எண்ணெய், எல்லாம் எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று மணி நேரப் பயணம். வீட்டைக் கண்டுபிடித்தபோது கதவில் பூட்டும், கேட்டில் வாடகைக்கு என்ற அட்டையும் தொங்கின. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"இந்த வீட்டுப் பொண்ணோட வண்டிய பாக்கணும். கேபிள் அறுந்துபோச்சுன்னு சொன்னாங்க."

"மெக்கானிக்கா?"

அப்பா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மெக்கானிக் என்ற பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற மனிதர், "ஆமா" என்றார்.

"நீங்க வேற வீட்டுக்கு வந்துட்டீங்க போல. அவங்ககிட்ட வண்டியே கிடையாதே. ரெண்டு வருஷமாப் பக்கத்துல இருக்கேன், ரெண்டு பேரும் பஸ்லதான் போவாங்க வருவாங்க. இப்ப வெளிநாடு போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அங்கேயே இருக்கப் போறாங்களாம்." அவள் ஒரு துணியை உதறிப் போட்டாள். "தங்கமான பொண்ணுங்க. எங்க வீட்டு மிக்ஸி, ஃபேன் எது கெட்டாலும் அதுதான் பிரிச்சு உக்காரும். இதெல்லாம் எங்க கத்துக்கிட்டன்னு கேட்டா, எங்கப்பா சொல்லிக் குடுத்தாருன்னு சொல்லும். எப்ப பாரு அப்பா பேச்சுத்தான்."

அவர் தலையை ஆட்டினார். திரும்பி வந்த மூன்று மணி நேரமும் எந்தச் சாலையில் வந்தோம், எங்கே பெட்ரோல் போட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் இறங்கவில்லை. வண்டி மேல் உட்கார்ந்தபடியே கேட்டார்: "வண்டி எங்க?"

"ரெண்டாவது வருஷமே வித்துட்டாங்க. வீட்டு அட்வான்ஸுக்குப் பத்தல."

"அப்ப மாசாமாசம் கேட்டதெல்லாம்?"

"நான்தான் எடுத்துக் குடுப்பேன். நீங்க அந்த வாரம் எதப் பிரிச்சுப் போட்டு முணுமுணுத்தீங்களோ அத முன்னாடியே அவகிட்ட போன்ல சொல்லிடுவேன். கொஞ்சம் பெரிய ரிப்பேராச் சொல்லும்மா, அப்பத்தான் அப்பா நிறையப் பேசுவாருன்னு சொல்லுவா." அவள் குரல் உடைந்தது. "அந்தக் கேபிள் கேட்டாளே, மறுநாள் அவளுக்கு பிளைட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க பொண்ணு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அப்பா என்னப் பத்தி ஒரு வார்த்தை கேட்டா எல்லாத்தையும் சொல்லிடு, வண்டியப் பத்திக் கேட்டா சொல்லாதன்னா. இத்தன வாரமா உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குக் காலையிலகூடக் கேட்டுப் பாத்தேன். சரி, அந்த வாசல் வரைக்குமாவது போகட்டும்னு விட்டுட்டேன்."

மீட்டர்காரர் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, தெரு பார்க்க வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். பார்க்கட்டும் என்று அழுதார். இஞ்சின் சத்தத்தை வைத்து எந்த வண்டிக்கு என்ன நோவு என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுகிற மனிதருக்கு, பெற்ற மகள் குரல் மட்டும் நாலு வருஷமாகப் புரியாமல் போயிற்று. மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு, "போன் போடு" என்றார்.

போட்டாள். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"சொல்லும்மா" என்றது மகளின் குரல்.

"அப்பா பக்கத்துல இருக்காரு. உன்கிட்ட பேசணுமாம்."

அவர் போனைக் கையில் வாங்கி வாய்க்கு நேரே பிடித்தார். தூர தேசம் என்பதாலோ என்னவோ, கத்தித்தான் பேசினார்.

"கண்ணு, அப்பா பேசறேன். எப்படிம்மா இருக்க?"

திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா" என்று கூப்பிட்டாள் மகள்.

"இருக்கேன், சொல்லு."

"நான் நல்லா இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லும்மா."

ஸ்பீக்கரில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லா இருக்காளாங்க" என்றாள்.