உள்பாவாடை விளிம்பில் ஆறு சொற்கள்: அரக்கோணத்திலிருந்து எண்ணூர் வரை

காலை 5.40. அரக்கோணத்தில் சென்னை போகும் மின்சார ரயிலில் ஏறினேன். எண்ணூர் வரைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இருபத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் வந்ததும் குனிந்து, புடவைக்கு அடியில் உள்பாவாடையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எதிரில் பூக்கூடையோடு இருந்த அம்மா திருவள்ளூர் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எறும்பு ஏறிக்கிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அந்த விளிம்பில் என் தங்கையின் பதினொரு மாதத்து உழைப்பு இருக்கிறது என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல முடியுமா?

தங்கை விஜயா எண்ணூரில் கன்டெய்னர் யார்டு வாசலில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறாள். போனில் காசு வாங்க அவளும் எல்லாரையும் போல ஒரு பேசும் பெட்டி வைத்திருந்தாள். யாராவது பணம் போட்டால் "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கும்படி அது கத்தும். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அவள் வீட்டுக்காரர் தாஸ் அத்தனையையும் கூட்டிக்கொண்டிருப்பார். சாயந்திரம் வந்து கூட்டிய கணக்குப்படி காசைக் கேட்பார். அது ராத்திரிக்குள் பாட்டிலாகிவிடும்.

திருவொற்றியூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜாபர் பாய்தான் வேறு ஒரு காசைச் சொல்லிக்கொடுத்தார். அதுவும் போனில்தான். ஆனால் கத்தாது, மெசேஜ் வராது. யார் கொடுத்தது, யார் வாங்கியது, எவ்வளவு என்று அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதாம், பாங்கிக்குக்கூட. அந்தப் பக்கம் அதை ஊமைக் காசு என்கிறார்கள். வாடிக்கையாக வரும் லாரி டிரைவர்கள் ஏழெட்டுப் பேர், விஜயாவின் நிலைமை தெரிந்தவர்கள், அதிலேயே போட்டார்கள். மகள் ரேகாவுக்கு வீசிங். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றைவிட்டுப் போனால்தான் பிள்ளை தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கத்தான் அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள்.

போன வாரம் அந்தப் போன் சாம்பார் அண்டாவில் விழுந்துவிட்டது.

போன் செத்தாலும் காசு சாகாதாம். அந்தக் காசுக்கான ஆப்பைப் போனில் போட்டதுமே அது பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்களைக் கொடுக்கும். வேறு போனில் அவற்றை வரிசை மாறாமல் அடித்தால் காசு திரும்பிவிடும். சொற்கள் வேறு யார் கையில் கிடைத்தாலும் காசு அவர்களுடையது. அதனால் விஜயா ஆறு சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மீதி ஆறை ஒரு தாளில் எழுதித் தீபாவளிக்கு வந்தபோது என்னிடம் கொடுத்தாள். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், தையல்காரி. எலி கடித்துவிடுமோ, மழையில் நனையுமோ என்று அந்தத் தாள் எனக்கு இரண்டு நாள் தூக்கம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து என் உள்பாவாடையின் உள்விளிம்பில் நூலால் தைத்தேன். பிறகு தாளை அடுப்பில் போட்டேன். போனில் படம் பிடித்து அனுப்பலாமே என்று கேட்பீர்கள். படம் போனிலேயே தங்கிவிடும், எடுக்கவே கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள்.

காலை 8.35. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி எண்ணூரில் இறங்கினேன். சென்ட்ரலிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். இறங்கியதுமே தொண்டையில் ஏதோ உரசியது. பிளாட்பார பெஞ்சில் விரலால் கோடு போடலாம், அத்தனை தூசி. வீடுகளின் துணிக்கொடிகளில் வெள்ளைத் துணி என்று ஒன்றையும் காணோம். இங்கே யாரும் வெள்ளை வாங்குவதில்லை என்று விஜயா முன்பே சொல்லியிருக்கிறாள். நான்கு மாதமாக அவளைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள், கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது.

"இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்படி கீது? சாப்ட்டியா?"

"அத வுடு. உன் ஆறு எங்க?"

பையிலிருந்து ரேகாவின் இன்ஹேலர் டப்பாவை எடுத்துக் காட்டினாள். அட்டைக்கு அடியில் மடித்த தாள் இருந்தது. "அந்த ஆளு வூட்ல தொடாத பொருளு இது ஒண்ணுதான்க்கா," என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேகா பள்ளிக்கூடம் போயிருந்தாள். தாஸ் எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். தண்டையார்பேட்டை வீட்டுக்கார அம்மா மதியம் பன்னிரண்டு மணிவரைதான் கெடு கொடுத்திருக்கிறார். அதற்குமேல் வேறு ஒரு குடும்பம் அட்வான்ஸோடு வருகிறது.

9.00. ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய், திருவொற்றியூருக்கு ஏழு கிலோமீட்டர். அந்த ஏழு கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், வால் எங்கே தலை எங்கே என்று தெரியாமல். லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்து ஒருவர் சாதம் வடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் முன் சக்கரத்தில் கண்ணாடி மாட்டி முகச்சவரம் செய்தார். எத்தனை நாளாக நிற்கிறார்களோ. நான் மணியைப் பார்த்தேன், விளிம்பைத் தொட்டேன், மறுபடி மணியைப் பார்த்தேன்.

"யக்கோவ்," என்றார் டிரைவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து. "நீ எத்தினி தபா டைம் பாத்தாலும் வண்டி பறக்காது. ரெக்கையா கட்டி வுட்ருக்காங்க?"

"எங்கக்கா பொறக்கசொல்லவே டென்சனாதான் பொறந்துச்சு," என்றாள் விஜயா. வண்டியே சிரித்தது.

10.15. ஜாபர் பாயின் கடை, ஒரு பீரோ அகலம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய போன் ஒன்றில் அந்த ஆப்பைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். இதற்கெல்லாம் போலீஸ் வருமா என்று எடுத்ததும் கேட்டுவிட்டேன்.

"போலீஸ் வராதும்மா, வரி வரும். என் பங்குக்கு நான் கட்டிட்டுத்தான் தூங்குறேன்," என்றார். "சரி, உங்க சீட்ட எடுங்க."

எனக்குக் காது சுட்டது. விஜயாதான் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மாடியைப் பார்த்து, "ஷகிலா! ஒரு உள்பாவாடை கொண்டா, அர்ஜென்ட்டு," என்று மட்டும் குரல் கொடுத்தார். மேலிருந்து அவர் மனைவி, "இன்னா யாவாரம் ஆரம்பிச்சிட்டே நீ?" என்று திருப்பிக் கேட்டது தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மாடியில் மாற்றிக்கொண்டு, என்னுடையதைச் சுருட்டி எடுத்துவந்தேன். ஜாபர் பாய் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்களே அடிங்க. நான் பாக்க மாட்டேன். நாளைக்கு ஒரு பத்து ரூபா குறைஞ்சாலும் எம்மேலதான் நெனப்பு போகும்."

விஜயா தன் ஆறை அடித்தாள். நான் விளிம்பைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினேன். அவள் எட்டாவது வரை படித்தவள், என்னைவிடத் தேவலை. பன்னிரண்டும் முடிந்தது. போன் யோசித்தது. தவறு என்று சிவப்பில் வந்தது.

"ரெண்டு பாதியில எது மொதல்ல?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் ஜாபர் பாய்.

விஜயா தலையில் கை வைத்தாள். "ஐயோ, மொத ஆறு அக்காளுக்குத்தான் குட்த்தேன். பெரியவள வுட்டுட்டு நானு எப்டி மொதல்ல எடுத்துக்குவேன்?"

எங்கள் வீட்டில் சோறானாலும் புதுத்துணியானாலும் அப்படித்தான். பாதிகளை மாற்றி, முதலிலிருந்து அடித்தோம். மறுபடியும் சிவப்பு.

மணி 10.50. அப்போதுதான் நான் செய்துவைத்திருந்த காரியம் எனக்கே உறைத்தது. ஒரே இடத்தில் தைத்தால் யாராவது படித்துவிடுவார்கள் என்று பயந்து, ஆறு சொல்லையும் ஒரே நூலில் விளிம்பு முழுக்கச் சம இடைவெளி விட்டுச் சுற்றிலும் தைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வட்டத்துக்கு முதல் ஏது, கடைசி ஏது? கையில் அகப்பட்ட இடத்திலிருந்து காட்டிக்கொண்டிருந்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பதினொரு மாதத்து இட்லியை நானே வட்டமாகத் தைத்து மூடிவிட்டேன் என்று தோன்றியது. பிள்ளையின் இழுப்புச் சத்தம் காதிலேயே கேட்டது.

"அழுவாதக்கா. பேஜார் பண்ணாத. நீதானே தெச்சே? கை மறக்குமா?" என்றாள் விஜயா.

கை மறக்கவில்லைதான். தையல்காரி யாரும் நூலில் முடிச்சுப் போடாமல் ஆரம்பிக்க மாட்டாள். முடிக்கும்போது முடிச்சு கிடையாது, இரண்டு தையல் பின்னால் இழுத்துக் கத்தரிப்பாள். பாவாடையை வெளிப்புறம் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனேன். இரண்டு சொற்களுக்கு நடுவில், தினை அளவுக்கு ஒரு முடிச்சு அகப்பட்டது. "இங்கேயிருந்து," என்றேன்.

இந்த முறை சிவப்பு வரவில்லை. சுற்றிச் சுற்றி ஏதோ ஓடிற்று, வெகுநேரம் ஓடிற்று. பிறகு தொகை வந்தது. நம் ரூபாயில் நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு. "நேத்து வந்திருந்தா இன்னும் ரெண்டாயிரம் சேத்து நின்னிருக்கும். இது ஏறும், எறங்கும்," என்றார் ஜாபர் பாய், இப்போதுதான் திரும்பி. அந்த ஊமைக் காசைத் தான் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவுக்கு ரூபாயாக நாற்பதாயிரம் அனுப்புவதாகப் பேச்சு. நூற்றுக்கு இரண்டு அவருடைய கூலி, ஆக எண்ணூறு. மீதி ஆயிரத்து ஐந்நூறு, விஜயா எடுத்துக்கொண்ட அந்தப் பழைய போனிலேயே இருக்கும். பாவாடை மாற்றிய வகைக்குக் கூலி கிடையாது என்றார்.

11.35. தண்டையார்பேட்டை. நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய், பேரம் பேச நேரமில்லை. வீட்டுக்கார அம்மா மளிகைக் கடையில் இருந்தார். வீடு கடைக்குப் பின்னால். ஒரு அறை, ஒரு அடுப்படி, குடித்தனங்களுக்குப் பொதுவான குழாய், வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு. பக்கத்து கோடவுனில் மிளகாய் நெடி. காற்று இங்கேயும் ஒன்றும் மணக்கவில்லை. ஆனால் ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துப் பார்த்தேன், சாம்பல் ஒட்டவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸும் உண்டு.

"பணம் என் கண்ணு முன்னாடி வரணும்மா. அப்பத்தான் சாவி," என்றார் அந்த அம்மா. விஜயா ஜாபர் பாய்க்குப் போன் போட்டு அனுப்பச் சொன்னாள்.

அரிசி மூட்டையின் மேல் ஒரு பேசும் பெட்டி இருந்தது. அதை நான் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. "நாற்பதாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தியது. தெருவில் போன சைக்கிள்கூட நின்றது. வாசலில் பீடி வாங்கிக்கொண்டிருந்த எண்ணூர் ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பினார்.

"இன்னா விஜயா, நீயா? நம்ம தாஸுக்குத் தெரியுமா இது?"

ஊமையாகச் சேர்த்ததெல்லாம் கடைசியில் இப்படி வெளியே வரவேண்டுமா? பெட்டியின் சத்தத்தைக் குறைக்க எங்கே திருகுவது என்று நான் தேடினேன், பணம் வந்து முடிந்தது என்று தெரிந்தும். விஜயா என் கையைப் பிடித்தாள்.

"வுடுக்கா. இனிமே கத்தட்டும்." அந்த அம்மா நீட்டிய சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஆட்டோக்காரரிடம் சொன்னாள்: "தெரியாது நைனா. நீயே போய்ச் சொல்லு. பொண்ணுக்கு வூடு பாத்தாச்சு, துட்டு குட்த்தாச்சு, திரும்ப வராதுன்னு சொல்லு. அந்த ஆளு வர்றதுன்னா குடிக்காம வரச் சொல்லு."

மதியம் 1.20. தண்டையார்பேட்டை ஸ்டேஷன். ஒரு இட்லிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள் விஜயா. சாயந்திரம் ரேகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் புது வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவாளாம். தாஸ் வந்து வாசலில் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பாவாடைத் தையலைப் பிரித்துவிடவா என்றும் கேட்டேன்.

"அய்ய, வேணாங்க்கா! அதுல இன்னும் ஆயிரத்தைந்நூறு கீது. வாடகைக்கும் அதுலதான் சேக்கணும். பத்திரமா வச்சுக்கோ."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ரயில் வந்துவிட்டது.

மாலை 4.45. அரக்கோணம். எங்கள் தெருவில் வெள்ளைத் துணிகள் வெள்ளையாகவே காய்ந்துகொண்டிருந்தன. இத்தனை வருடம் அதை நான் கவனித்ததில்லை. அலுப்பில் கால் கடுத்தது. படுக்காமல் தையல் பெட்டியைத் திறந்து, முதல் சொல்லின் தலைமாட்டில் சிவப்பு நூலால் ஒரு அடையாளம் போட்டேன். அதைப் பார்த்து யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்று பயந்து பிரித்தேன். பிறகு ரேகாவை நினைத்து மறுபடியும் போட்டேன்.