செம்பில் வந்த வெள்ளம்

போன வாரம் தம்பானூரில் அரை மணி நேர மழை. ரோடு முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். ஒரு பெட்டிக்கடையில் ஒதுங்கி, "சேச்சி, குடிக்க வெள்ளம் உண்டா?" என்றேன். கடைக்காரப் பெண் ரோட்டைக் காட்டி, "இவ்வளவு போராதா சாரே?" என்றாள். நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். மதாம்மா ஞாபகம் வந்துவிட்டது.

மதாம்மா என்றால் வெள்ளைக்காரப் பெண்மணி. திருநெல்வேலியிலிருந்து வந்து இதே தெருவில் ஒரு லாட்ஜில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாடி அறையில் தங்கியவள். ராஜா பெயருக்கு இருக்க, வெள்ளைக்கார ரெசிடெண்ட் ஆட்டிவைத்த காலத்தில் அவளுடைய கொள்ளுத்தாத்தா இந்த ஊரைச் சுற்றிப் பார்த்துப் புத்தகம் போட்டவராம். அதற்குப் பிறகு சொந்தக் குடும்பமே அவரைப் புளுகன் என்றதாம். அவளுக்கு மட்டும் நம்ப மனம் வரவில்லை. உண்மை தெரிந்துகொள்ளவே கடல் தாண்டி வந்திருந்தாள்.

அவர் எழுதியிருந்தது இதுதான்: வெயிலில் வரும் வழிப்போக்கர்கள் வீட்டு வாசலில் நின்று பிரளயம் வேண்டும் என்று கெஞ்சுகிறார்கள், பெண்கள் அதைச் செம்பில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

எங்கள் மேனேஜர் இந்த ஊரிலேயே பிறந்த தமிழர். தலையைச் சொறிந்தார். "எடே, பழவங்காடியில வயசாயவங்க ஆராவது இருப்பாங்க. மதாம்மய கூட்டிட்டுப் போய் விசாரி, கேட்டியா?"

விசாரித்து விசாரித்து நாக்கு வறண்டது. பிரளயத்தை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தோம். சுமை தூக்குபவர் ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு, "சேட்டா, கொறச்சு வெள்ளம்!" என்று கத்தினார்.

எனக்குப் பொறி தட்டியது. வேலைக்குச் சேர்ந்த அன்று மாடியிலிருந்து இதே கூச்சலைக் கேட்டு, ஊருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதென்று பெட்டியோடு மொட்டைமாடிக்கு ஓடிய வீரன் நான். மலையாளத்தில் அது வெறும் தண்ணீர். கொள்ளுத்தாத்தா துரைக்கு மொழிபெயர்த்தவன் தமிழனாகத்தான் இருக்க வேண்டும்!

"எங்க ஊர்க்காரன் பார்த்த வேல மேடம்!" என்று தமிழிலேயே கூவினேன். பிறகு தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். கொள்ளுத்தாத்தா புளுகனில்லை! மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது. கடைக்காரர் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த ரோஸ் நிறத் தண்ணீரைச் செம்பில் நீட்டினார். திரும்பும் வழியெல்லாம் கடை கடையாக ஏறி, "வெள்ளம்! வெள்ளம்!" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். என்னையும் விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக வயிறு உப்பி நான் நடந்ததே இல்லை.

அந்த லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. ரோஸ் தண்ணீரையும் காணோம். பெட்டிக்கடைச் சேச்சியும் பாட்டில் தண்ணீரைத்தான் நீட்டினாள். துரை எழுதிய பிரளயம் ஒருவழியாக ரோட்டுக்கே வந்துவிட்டது. கேட்டால் செம்பில் கொடுக்கத்தான் ஆளில்லை.