ஆள் மாறிய உளவாளி

ஒட்டுசுட்டானிலிருந்து நான் வேலைக்குப் போன பஸ்ஸின் சாரதி ஒல்லியான, ஒழுங்காகச் சவரம் செய்யாத மனிதர். சண்டை நடந்த, டீசல் இல்லாத காலம். பஸ் மண்ணெண்ணெயில் ஓடும், உள்ளே எல்லோருக்கும் கண் எரியும். அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு பச்சைத் துவாய் தொங்கும். வியர்வையைச் சேர்ட்டுக் கையால் துடைப்பாரே தவிர, அந்தத் துவாயை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸுக்குள் பெரிய வாக்குவாதம். முதல்நாள் பகல் ஜெனரேற்றர் வைத்து ஓர் ஆங்கில உளவாளிப் படம் போட்டிருந்தார்கள். வருசக்கணக்காகத் தொடர்ந்து வரும் படங்கள். இந்த முறை உளவாளியாக வேறொரு நடிகர்.

"பழைய ஆள் புருவத்தை உயர்த்தினாலே காணும். இவனை ஆர் தெரிஞ்செடுத்தது?" என்று கத்தினேன். என்னைவிட்டால் ரசிகனில்லை என்ற நினைப்பு எனக்கு. பாதிப்பேர் புதியவருக்காகக் கதைத்தார்கள்.

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை, ஆளை மாத்தினது சரியோ?" என்று சாரதியிடம் கேட்டேன்.

அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் இந்த பஸ்ஸை எடுத்து மூண்டு மாசம், தம்பி. எனக்கு முந்தி ஓட்டினவர் லீவில வீட்டை நிக்கேக்கை செல் விழுந்து செத்தவர். இந்தத் துவாய் அவரின்ரை. பழைய ஆள் எங்கையெண்டு இண்டைக்குவரை ஒருத்தரும் கேக்கேல்லை."

பழைய சாரதிக்குப் பின்னால் இரண்டு வருடம் இருந்து போனவன் நான். அவருடைய முகத்தை நினைத்துப் பார்த்தேன். அந்த நடிகரின் புருவம்தான் வந்தது.