வடக்கு பார்த்து நின்ற லாரி

1998 மார்கழி. அப்போது நாங்கள் மதுரை ஆனையூரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் மகளுக்கு எட்டு மாதம். என் கணவர் பழைய லாரி ஒன்றை வாங்கித் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலை ஆறு மணிக்குள் வாடிப்பட்டி அரிசி ஆலையில் போய் நிற்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்.

அந்த மாதம் லாரிக்கு ஒரு விசித்திரமான கோளாறு வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுவை இருக்காது. எவ்வளவு மிதித்தாலும் விக்கி விக்கி, வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நகரும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனதும் தானாகச் சரியாகிவிடும். மதியம் வில்லாபுரம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் தெரியாது. மெக்கானிக் அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, வண்டி நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் காலைல தூக்கம் கலையல" என்று கேலி செய்வாராம். இருந்தாலும் டீசல் பில்டரை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை மறுபடியும் அதே திணறல்.

மகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். டாக்டர் சொன்னபடி அவளுடைய காய்ச்சல், மருந்து, தூக்கம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்து வைப்பேன். அதன் பின்பக்கத்தில் லாரியைப் பற்றியும் எழுத ஆரம்பித்தேன். பி.எஸ்ஸி. படித்தவள், எழுதிப் பார்த்தால் ஏதாவது புரியும் என்று ஒரு நினைப்பு.

பத்து நாளில் புரிந்தது. லாரி இரவு ஆலையிலேயே நின்ற இரண்டு நாளும் தொந்தரவு இல்லை. வீட்டில் நின்ற நாட்களில் ஒரே ஒரு காலை மட்டும் வண்டி நன்றாகக் கிளம்பியது. அதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் வண்டி நிறுத்தும் காலி மனையில் செங்கல் இறக்கியிருந்ததால், கணவர் வேறு வழியில்லாமல் லாரியைத் தெற்கு பார்த்து நிறுத்தியிருந்தார்.

இங்கே நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். கார்த்திகையில் மகளுக்கு ஜாதகம் எழுதப் போனபோது, "அப்பாவுக்கு இந்த வருஷம் கண்டம் இருக்கு. வண்டிய தெக்க பாத்து நிறுத்த வேணாம்" என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தெற்கு எமனின் திசை. அதுவரை கணவர் லாரியைப் பின்னால் எடுத்து மனைக்குள் விட்டு, முன்பக்கம் தெற்கே தெருவைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். நான் அழுது அடம்பிடித்து வடக்கு பார்த்து நிறுத்த வைத்தேன். வடக்கே கண்மாய்க் கரையை ஒட்டி அந்த மனை மேடாக இருக்கும். அன்றிலிருந்து லாரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நோட்டைப் பார்த்ததும், வடக்கே மேட்டைப் பார்த்து நிற்பதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் பழையபடி திருப்பி நிறுத்துவார், பிறகு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எல்லாம் தற்செயலாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் கழற்றிச் சோதித்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பிட வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "காலைல மெயின் ரோட்டுல ஏறுறப்ப பாதியில இழுக்காம நின்னுருச்சு. திண்டுக்கல் பஸ்ஸு வந்துட்டான். ஒரு முழம் தள்ளி பிரேக் போட்டான். எம்புட்டு திட்டு தெரியுமா?"

அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் பரிமாறுவதை விட்டு எழுந்தேன். அவர் கையலம்பி வருவதற்குள் நோட்டை எடுத்துக்கொண்டு, மகளையும் தூக்கிக்கொண்டு, நானும் வருகிறேன் என்று லாரியில் ஏறிவிட்டேன்.

மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் நிறுத்தி, "இதென்ன தங்கச்சி, 'தெற்கு பார்த்து நிறுத்தம், தொந்தரவு இல்லை'ன்னு போட்டு, கீழ 'நாலு டயருக்கும் திருநீறு பூசினேன்'னு எழுதிருக்கு? லாரிக்கு ஆறு டயருல்ல?" என்றார்.

நான் ஜோசியர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் என்னைப் பார்த்தார்.

"இது எத்தன நாளா ஒனக்குத் தெரியும்?"

"நாலு நாளா."

அவர் என் கையிலிருந்து மகளை வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

மெக்கானிக் அண்ணன்தான் விளக்கினார். "மூக்கு மேல நிக்கிறப்ப டேங்க் தாழப் போயிருது. டீசல் வர்ற வழியில எங்கயோ சின்ன ஓட்டை இருக்கணும். ராப்பூரா டீசல் கீழ எறங்க எறங்க காத்து, அதான் ஏர், உள்ள போகுது. காலைல அந்த ஏர் தீர்ற வரைக்கும் வண்டி திணறுது. இன்னைக்கும் அப்படியே மேட்டுல நிறுத்தச் சொல்லுங்க. காலைல ஸ்டார்ட் பண்ண வேணாம், நான் வாரேன்."

மறுநாள் காலை நாலரைக்கே வந்துவிட்டார். பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தார். டீசலுக்குப் பதில் வெள்ளையாக நுரை வந்தது. டேங்கிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஒரு ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினார். கிளிப்புக்கு அடியில் மயிரிழை போல் வெடித்திருந்தது. நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியவில்லை. அதை மாற்றிய பிறகு மேட்டில் நின்றாலும் லாரி முதல் மிதியிலேயே இழுத்தது.

"எல்லாம் என்னாலதான் அண்ணே" என்றேன்.

"ஓட்டைய நீங்களா போட்டீங்க? மேட்டுல நின்னதால வெளிய தெரிஞ்சுச்சு. ஆனா ஒண்ணு தங்கச்சி, தெரிஞ்ச அன்னைக்கே காட்டிருந்தா நான் நாசில்ல கை வச்சிருக்க மாட்டேன். இவனும் பஸ்ஸுக்காரன்ட்ட திட்டு வாங்கிருக்க மாட்டான்."

இரண்டு நாள் கணவர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். மூன்றாம் நாள் சாயங்காலம் லாரியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "எந்தப் பக்கம் பாத்து நிறுத்த?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். "எப்படி நிறுத்துனா காலைல ரோடு நல்லாத் தெரியுமோ அப்படி நிறுத்துங்க" என்றேன். பழையபடி தெற்கே தெருவைப் பார்த்து நிறுத்தினார்.

என் பயம் அன்றோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இன்றும் இருக்கிறது. ஆனால் அவரை அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதில் திசையைவிட என் நான்கு நாள் மௌனத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பதை, எதையாவது சொல்லத் தயங்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வாயைத் திறந்துவிடுகிறேன்.