அப்படின்னா சார் போட்ட ‘ம்’

என் அக்கா புருஷனுக்குக் கல்லூரியில் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘அப்படின்னா சார்’. ஆய்வுக்கு ஒரு கேள்வியை எப்படி உருவாக்குவது, அதில் வரும் சொல்லை எதை வைத்து அளப்பது என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, அந்தப் பிள்ளைகளின் ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டுப் பிழைப்பது என் வேலை. அத்தானால் எனக்கு லாபம்தான். மற்ற வாத்தியார்களின் பிள்ளைகள் மொத்தத்தையும் ஒரே தடவையில் அச்சடித்துவிட்டுப் போவார்கள். இவரிடம் மாட்டியவர்கள் முதல் பக்கத்தை மட்டுமே மாதக்கணக்கில் அச்சடிப்பார்கள்.

‘சமூகத்தில் கைபேசியின் தாக்கம்’ என்று ஒரு பையன் தலைப்பு கொண்டுபோனான்.

“தாக்கம். அப்படின்னா?” என்றார் அத்தான்.

“பாதிப்பு சார்.”

“பாதிப்பு. அப்படின்னா?”

“கெடுதல் சார்.”

“கெடுதலை எதை வச்சு அளப்பே? ஸ்கேலா, தராசா?”

பையன் திருதிருவென்று முழித்துக்கொண்டு என் கடைக்கு வந்து நின்றான். இப்படியே போய்ப்போய், ‘கைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் விடுதி மாணவர்கள், முதல் வகுப்புக்கு மற்றவர்களைவிட அதிகம் பிந்தி வருகிறார்களா?’ என்று அந்தத் தலைப்பு இளைத்த பிறகுதான் அத்தான் முகத்தில் பல் தெரிந்தது.

கல்லூரிக்கு வெளியேயும் இதே கதைதான். எங்கள் வீட்டுக்குக் கல்யாணம் பேச வந்தபோது என் அப்பா பெருமையாக, “பொண்ணு ரொம்ப அடக்கம்” என்றார். மாப்பிள்ளை நிமிர்ந்து, “அப்படின்னா?” என்று கேட்டார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா சிரித்த சிரிப்பில், அடக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஊரையெல்லாம் ‘அப்படின்னா’ என்று குடைந்தெடுக்கிறவர், வருஷம் ஏற ஏற அக்காவுக்கு மட்டும் ஒரே பதில் வைத்திருந்தார். “ம்.”

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன மாதம் அவளுக்கு வேறு ஊரில் தலைமை நர்ஸ் வேலை வந்தது. இங்கிருந்து அரை நாள் ரயில். போகட்டுமா என்று அத்தானிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ‘ம்’ வந்திருக்கிறது. ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்து, காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“ஒரே ஒரு தடவை ‘அப்படின்னா’ன்னு கேட்டிருந்தா எனக்குப் போதும்டா.”

“நான் வேணா அத்தான்கிட்ட பேசட்டுமா?”

“வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன். நான் சொல்றது அவர் காதுல தானா விழுதான்னு பாக்கறேன். திங்கக்கிழமை பதில் சொல்லணும். அதுக்குள்ள விழலேன்னா பெட்டியைக் கட்டிட்டுப் போறேன். திரும்பி வர்றதைப் பத்தி அங்க போய் யோசிச்சுக்கறேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதே வாரம்தான் டவுட்டு வந்து சேர்ந்தாள். அத்தான் வகுப்பில் எதற்கெடுத்தாலும் கை தூக்கும் பெண். அதனால் அந்தப் பெயர். ‘குடும்பத்தில் புரிதல்’ என்று ஆரம்பித்து, நாலைந்து ‘அப்படின்னா’ வாங்கிக்கொண்டு, ‘மனைவி பேசுவதைக் கணவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள்?’ என்ற இடத்துக்கு வந்திருந்தாள்.

“கேக்கறதை எப்படி அளப்பே?” என்றார் அத்தான்.

“அவங்க எத்தனை தடவை ‘ம்’ போடறாங்கன்னு எண்ணலாமா சார்?”

அத்தான் குளிர்ந்துபோனார். காதில் விழும், எண்ணலாம், யார் எண்ணினாலும் ஒரே விடை வரும். இந்தப் பாடத்தில் அவர் எதிர்பார்த்தது அதைத்தான். முதல் சோதனையைத் தன் வீட்டிலேயே செய்யச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தும்விட்டார். தனித்தனியாக இரண்டு பேர் எண்ணினால்தான் நம்பலாமாம். இரண்டாவது ஆள் நான். என் எழுத்தறிவை எண்ணி அல்ல, எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சாப்பிடுவேன் என்பதால்.

வீட்டில் பேசுவதைப் பற்றி ஏதோ ஆய்வு என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருந்தார். டவுட்டு மூலை நாற்காலியில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். நான் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பாதிச் சோறு தாள் மேல்தான் விழுந்தது.

அக்கா பரிமாறியபடி பேசினாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. ம். மாடி வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் சைக்கிளை நிறுத்துகிறார். ம். தன் மூக்குக்கண்ணாடியின் காது ஒன்று உடைந்துவிட்டது. ம், ம். அதே குரலில், “ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். போறேன்னு சொல்லிடட்டுமா?” என்றாள்.

“ம்.”

நான் கோடு போட்ட வேகத்தில் பென்சில் முனை உடைந்தது.

கை கழுவியதும் அத்தான் கணக்கைக் கேட்டார். டவுட்டு பத்தொன்பது என்றாள். என்னுடையதும் பத்தொன்பதுதான்.

“பாத்தியா, ரெண்டு பேருக்கும் ஒண்ணே. நான் நல்லாக் கேக்கறவன்னு இப்ப ஆதாரமே இருக்கு.”

“சார், ஒரு டவுட்டு.” அவள் எழுந்துவிட்டாள். “ஒரே எண் வந்தா மட்டும் போதாது, அளக்க நினைச்சதைத்தான் அளந்தோமான்னும் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? கடைசி ‘ம்’முக்கு முன்னாடி மேடம் என்ன சொன்னாங்க?”

“குழாய்” என்றார் அத்தான். டவுட்டு உதட்டைப் பிதுக்கினாள். “சைக்கிள்” என்றார்.

அந்த மனிதரைத் தண்ணீர்ச் சொம்பால் ஒன்று போடலாம் போல எனக்கு வந்தது.

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, “எனக்கு வேற ஊர்ல தலைமை நர்ஸ் வேலை வந்திருக்கு. போகட்டுமான்னு கேட்டேன்” என்றாள்.

“இதை எப்ப சொன்னே?”

அடுக்கிய தட்டுகள் மேஜையில் டமாரென்று இறங்கின. அத்தான் தன் தவற்றை அப்போதுதான் பார்த்தார். மூலையில் இருந்த தாளைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“தலைமை நர்ஸ்” என்றார் மெதுவாக. “அப்படின்னா?”

அக்கா எச்சில் தட்டுகளுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் பேச்சு நிற்கவில்லை. புதிதாக வரும் பெண்களுக்கு ஊசி போட அவள்தான் சொல்லித்தர வேண்டும். அங்கே குழந்தைகள் பிரிவு தனிக் கட்டடம். இத்தனை வருஷம் யாரோ எழுதிக் கொடுத்த வேலைப் பட்டியலில் ஓடியவள், இனி தானே எழுதலாம். போகத்தான் ஆசை, ஆனால் இவரை விட்டுவிட்டுப் போகப் பயமாகவும் இருக்கிறது, வாரக் கடைசியில் வந்துவிடுவேன், வரட்டுமா என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

அத்தானின் ஈரக் கை காய்ந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “வராம பின்னே? நீ வராத வாரம் நான் வர்றேன். நீ சொல்லு, அந்தக் கட்டடத்துல எத்தனை குழந்தைங்க?” என்றார்.

“சார், இந்தப் பகுதியையும் சேத்துக்கட்டுமா?” என்று டவுட்டு கேட்டாள். அவருக்குக் காதில் விழவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பத்தொன்பதுக்குக் கீழே, இந்தப் பகுதியின் ‘ம்’ கணக்காக, ஒரு பூஜ்யம் போட்டாள். என் தாளிலும் பூஜ்யம்தான்.