லொடேயில் உப்பு

விர்யோனோ தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். சலதிகா ஊரின் சந்துகளில் பதினெட்டு வருடமாக நடக்கிறார். வேலை அவருக்குக் கஷ்டமே இல்லை, வீட்டு வாசல்கள்தான் கஷ்டம். சீருடையில் மீட்டர் பார்க்க வருகிற ஆளிடம் போய், "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? "இந்தச் சந்துல இன்னும் ஒன்பது வீடு. அப்புறம் பள்ளிவாசலுக்குப் பின்னால பதினாலு" என்று நின்று நிதானமாகச் சொல்வார். அதற்குள் கேட்டவர் உள்ளே போயிருப்பார். ஒரு முறை, "வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று ஒப்புக்குச் சொன்ன வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேவிட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது.

மூர்யாதி அப்படியெல்லாம் பேசமாட்டாள். புருஷனை இழந்தவள், வீட்டு முன்னாலேயே சாப்பாட்டுக் கடை. "மீட்டர் மேல எறும்பு, பாத்து" என்பாள், அவ்வளவுதான். மதியம் அவர் அங்கேதான் சாப்பிடுவார், சோறும் லொடே என்கிற தேங்காய்ப்பால் காய்கறிக் குழம்பும். எப்படி இருக்கு என்று கேட்டால், அவள் நிஜமாகவே கேட்கிறாள்.

"லொடே குழம்புல உப்பு தூக்கல்."

"சரி, நாளைக்குக் குறைக்கிறேன்."

மறுநாள் குறைந்திருக்கும். நாற்பத்து நான்கு வயதில், பயமில்லாமல் பேச ஒரு மனுஷி கிடைத்தாள். இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தங்கை ருக்மியிடம் சொல்லிவிட்டார்.

பெண் கேட்கப் போகுமுன் ருக்மி படித்துப் படித்துச் சொன்னாள். "ரெண்டு தரம் சொன்னப்புறம்தான் டீயத் தொடணும். எது பேசுனாலும் ஆமான்னு சொல்லு. வேற வாயத் திறக்காத, அண்ணே."

மூர்யாதியின் பெரியப்பா வீட்டில் ஒரு மணி நேரம் மழையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேச்சு ஓடியது. விர்யோனோ எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பிறகு பெரியப்பா குரலைத் தாழ்த்தினார்.

"எங்க பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சமையல்கூட சுமார்தான்."

பெண்ணைக் குறைத்துச் சொல்வது அவருடைய மரியாதை. 'ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க' என்று பதற வேண்டியது பெண் கேட்க வந்தவர்களின் மரியாதை. ருக்மி பதறுவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. வாரத்துல ரெண்டு நாளாவது லொடேயில உப்பு கூடிடும். சொன்னா திருத்திக்குவாங்க. நான் தினமும் அங்கதான் சாப்பிடறேன்."

ஒரு பெண்ணைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அது. அந்த அறையில் ஒருவர் காதிலும் அது அப்படி விழவில்லை. பெரியப்பா சிரித்தார். அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் முற்றினால் சிரிப்புதான் வரும். வாசல்வரை வந்து, "அடிக்கடி வாங்க" என்று வழியனுப்பினார்.

"செவ்வாய்க்கிழமை வரட்டுமா?" என்றார் விர்யோனோ, முகமெல்லாம் மலர.

ருக்மி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரோட்டுக்கு வந்ததும் அழுதுவிட்டாள். "கெடுத்துட்டியேண்ணே."

"நான் பொய் எதுவும் சொல்லலையே?"

"சொல்லியிருக்கணும்."

கடைப் பக்கமே போகக் கூடாது என்று ருக்மி சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆனால் மாதம் பிறந்தால் மீட்டர் பார்த்தாக வேண்டுமே. மூர்யாதியின் வாசலில் போய் நின்றார் விர்யோனோ. அவள் திட்டினால்கூடத் தேவலை, திட்டு அவருக்குப் புரியும்.

மூர்யாதி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து சிரித்தாள்.

"வாங்க சார், நல்லா இருக்கீங்களா? என்ன வெயில் பாருங்க! தங்கச்சி சௌக்கியமா?"

அவள் கேட்ட எதற்கும் பதில் தேவையில்லை என்பது அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. யாரும் சொல்லித்தராமல் அவருக்கு அப்படிப் புரிந்தது அதுதான் முதல் தடவை.

"ஆமாங்க, நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டு, குனிந்து மீட்டரைப் படித்தார்.